டேங்கின் அடியில் தண்ணீர்

காலை ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம். பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது முதலில் கண்ணில் பட்டது எதிர் வீட்டுக் காரின் உள்விளக்கு. பின்கதவு திறந்திருந்தது. பின்சீட்டில் எதிர் வீட்டுக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தார். மடியில் மடித்த வெள்ளை டவல், அதன் மேல் ஒரு எவர்சில்வர் டப்பா. ஒரு கால் காருக்கு வெளியே, ஈரத்தரையில் படாமல் தொங்கியது. பாதம் வீங்கி, மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது.

முன்சீட்டில் அவர் கணவர் சாவியைத் திருப்பினார். இன்ஜின் நான்கைந்து முறை முனகியது, பிடிக்கவில்லை. விட்டார். பத்து எண்ணும் நேரம் காத்திருந்து மறுபடி திருப்பினார். இந்த முறை முனகல் மூன்றுதான்.

அது சனிக்கிழமை. ஆறு மணிக்கு அந்த அம்மாள் வண்டலூர்ப் பக்கம் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் மெஷினுக்குப் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. ஆறு முதல் பத்து. இரண்டு வருடமாக அந்த மூன்று நாட்களிலும் ஐந்தேகாலுக்குள் அந்தக் கார் எங்கள் தெருவை விட்டுப் போய்விடும். அதன் சத்தத்தை வைத்து நான் அடுப்பு பற்றவைப்பேன்.

அன்று அது ஏன் கிளம்பவில்லை என்பதில் எனக்கு ஒரு பங்கு உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு தமிழ் நாளிதழில் உதவி ஆசிரியராக இருக்கிறேன். வியாழக்கிழமை வரும் வாகனப் பக்கம் பதினான்கு வருடமாக என் பொறுப்பு. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆரம்பத்தில் ஆள் இல்லாததால் என் மேஜைக்கு வந்த பக்கம், பிறகு அங்கேயே தங்கிவிட்டது. வாசகர் கேள்விகளை நானே பிரிப்பேன். தெரிந்தவர்களிடம் விசாரித்து, பதிலை நானே எழுதுவேன். பெயர் போடுவதில்லை.

கேள்விகளில் பாதிக்கு மேல் பெட்ரோலைப் பற்றித்தான். டேங்கில் கற்பூரம் போட்டால் மைலேஜ் கூடுமா? அந்துருண்டை போட்டால் பிக்கப் வருமா? விலை அதிகமான பெட்ரோல் போட்டால் பழைய வண்டி புதிதாகுமா? பதில் ஏறக்குறைய ஒன்றுதான். எந்தப் பெட்ரோலுக்காக இன்ஜின் செய்யப்பட்டதோ அது சுத்தமாகக் கிடைத்தால் போதும். மேலே ஊற்றும் எதுவும் மட்டமான பெட்ரோலை நல்ல பெட்ரோலாக மாற்றாது. இதை எத்தனை விதமாக எழுதினாலும் அடுத்த வாரம் மறுபடி கற்பூரம் வரும்.

கேள்வி குறைந்த வாரங்களில் பழைய பதில்களைத் தூசு தட்டிப் போடுவது எங்கள் வழக்கம். அதற்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் உண்டு. வெயிலுக்கு டயர், பொங்கலுக்கு நெடுந்தூரப் பயணம், மழைக்குத் தண்ணீர். போன மழைக்காலத்தில் அரைப் பத்தி காலியாக இருந்தது. ஃபோல்டரில் இருந்து ஒரு பதிலை எடுத்தேன். பதினோரு வருடத்துக்கு முன் எழுதியது. பெட்ரோல் டேங்கில் கொஞ்சம் தண்ணீர் இறங்கிவிட்டால் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் சிறு பாட்டிலில் ஆல்கஹால் கலந்த திரவம் கிடைக்கும், அதை ஊற்றி வண்டியை ஓட்டினால் தண்ணீர் பெட்ரோலோடு கலந்து எரிந்து போய்விடும் என்பது பதில். எழுத்துப்பிழை பார்த்தேன். ஒரு ஒற்று விட்டிருந்தது, போட்டேன். பக்கத்தை அனுப்பினேன்.

எதிர் வீட்டுக்காரர் அதைக் கத்தரித்துக் காரின் முன்பெட்டியில் வைத்திருந்தார்.

அவர் செம்பாக்கத்திலேயே பிறந்தவர். ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்த குடும்பம். இப்போது அந்த நிலத்தில் அவருடைய மூன்று வாடகை போர்ஷன்கள் நிற்கின்றன. காரில் அவருக்கு அக்கறை அதிகம். கலப்படம் இருந்தால் தெரிந்துவிடும் என்று, பங்க்கில் பெட்ரோல் போடும் முன் டென்சிட்டி, அதாவது அடர்த்தி, என்ன என்று கேட்பார். வடிதாளில் ஒரு சொட்டு விடச் சொல்லி, காய்ந்த பின் கறை நிற்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். பங்க் ஊழியர்கள் அவரைத் தூரத்தில் பார்த்ததுமே “தாளு சார் வந்துட்டாரு” என்பார்களாம். அவரே சிரித்துக்கொண்டு சொன்னது. வீட்டு ஜன்னல் விளிம்பில் வரிசையாகச் சிறு பாட்டில்கள் இருக்கும். ஒன்று இன்ஜெக்டரைச் சுத்தம் செய்ய, ஒன்று ஆக்டேன் ஏற்ற, ஒன்று தண்ணீருக்கு.

“எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்ததைவிட அந்த வண்டிக்கு மருந்து அதிகம்க்கா,” என்பார் அவர் மனைவி. “அதுவாவது எல்லாத்தையும் கேட்ட நேரத்துக்குக் குடிக்குது. எனக்குத் தண்ணியே அளந்துதான்.”

அளந்துதான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு சொம்பில் ஊற்றி வைத்துக்கொண்டு, சின்ன டம்ளரில் அதிலிருந்தே குடிப்பார். சிறுநீரகம் வெளியே தள்ளாத தண்ணீரை வாரத்துக்கு மூன்று முறை மெஷின் எடுக்கும்.

புதன்கிழமை முழுவதும் மழை. வியாழக்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும் வழியில் எதிர் வீட்டுக்காரர் ஒரு பங்க்கில் டேங்க்கை நிரப்பினார். மனைவி பின்சீட்டில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்ததால் அன்று டென்சிட்டி கேட்கவில்லை, தாளும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மருந்துக் கடைக்குப் போய்வந்தவர் நேராக என் கேட்டுக்கு வந்தார். எனக்கு வாரவிடுமுறை. மூன்று மணி இருக்கும்.

“வண்டி இழுக்க மாட்டேங்குது மேடம். ஏறும்போது டக்குடக்குனு வெட்டுது. இரும்புலியூர் மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டேன். தண்ணி இறங்கியிருக்கும், சாயங்காலம் கொண்டாந்து விடு, டேங்க்கக் கழட்டி சுத்தம் பண்ணி ராத்திரி எட்டுக்குள்ள குடுக்கறேங்கிறான்.”

“விடுங்களேன்.”

“இவன் ஒருதரம் எட்டுன்னான், மறுநாள் மதியம் குடுத்தான். நாளைக்குக் காலையில எனக்கு வண்டி வேணும்.” சட்டைப் பையிலிருந்து அந்தக் கத்தரித்த தாளை எடுத்தார். “இது நீங்க போட்டதுதானே? பாட்டில் வூட்ல கீது. ஊத்தலாமா?”

தாளை வாங்கிப் பார்த்தேன். என் வாக்கியங்கள்தான். அச்சில் வந்தவை, அதுவும் இரண்டு முறை.

“ஊத்துங்க சார்,” என்றேன்.

அவர் இரண்டு பாட்டில் ஊற்றினார். வண்டியை ஏரிக்கரைச் சாலையில் குலுங்கக் குலுங்க இரண்டு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். ஐந்து மணிக்கு என் வீட்டு முன்னால் நிறுத்தி ஆக்சிலரேட்டரை மிதித்துக் காட்டினார். சத்தம் வெட்டாமல் சீராக ஏறியது. கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு மெக்கானிக்குக்கு ஃபோன் செய்து, வரவில்லை என்று சொன்னார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

சனிக்கிழமை ஐந்தரைக்குள் பேட்டரி இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டும் வந்தது. அவர் பானெட்டைத் தூக்கினார், மூடினார், மறுபடி தூக்கினார். தெருவில் வேறு யாரிடமும் அந்நேரத்தில் எழுப்பிக் கேட்கும்படி கார் இல்லை. நான் செல்பேசியில் கால் டாக்சி பதிவு செய்தேன். முதல் டிரைவர் கிழக்குத் தாம்பரத்தில் தண்ணீர் நிற்கிறது என்று ரத்து செய்தார். இரண்டாமவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டுவிட்டு ரத்து செய்தார்.

“நூத்தெட்டுக்குப் போடலாமா?” என்று கேட்டேன்.

“ஆம்புலன்சா?” பின்சீட்டிலிருந்து அந்த அம்மாள் சிரித்தார். “நான் நடந்து வந்து வண்டில ஏறினவக்கா. ஆம்புலன்ஸ் வந்தா தெருவே வெளிய வந்து நிக்கும். அப்புறம் பத்து பேருக்கு நான் பதில் சொல்லணும்.”

“ஒரு அஞ்சு நிமிசம் இரு,” என்றார் கணவர். “இப்ப எடுத்துடும்.”

“நீ சொன்னா எடுக்குமா? அதுக்கு இன்னொரு பாட்டில் ஊத்து.”

“ஏன் காலங்காத்தால வம்பு இழுக்கறே?”

“வம்பு இல்லய்யா. டைம் ஆகுது.”

சொல்லிவிட்டு அந்த அம்மாள், தொங்கிய காலை இரண்டு கைகளாலும் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டார்.

மூன்றாவது டாக்சி ஆறு ஐம்பத்தைந்துக்கு வந்தது. மருத்துவமனையை அடைந்தபோது மணி ஏழு நாற்பது என்று பிறகு கணவர் சொன்னார். அங்கே மெஷின்களுக்கு இடையில் இடைவெளி கிடையாது. பத்தரைக்கு அதே படுக்கைக்கு அடுத்த நோயாளி. நான்கு மணி நேரம் ஓட வேண்டியதை இரண்டு மணி நேரத்தோடு நிறுத்தினார்கள். மறுநாள் ஞாயிறு, டயாலிசிஸ் பிரிவுக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை ஒரு இடம் ஒதுக்குகிறோம், அதுவரை தண்ணீரை இன்னும் குறையுங்கள், மூச்சு வாங்கினால் உடனே அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அன்று மதியம் மெக்கானிக் ஆள் அனுப்பி, கயிறு கட்டி வண்டியை இழுத்துப் போனார். நாலரை மணிக்கு நான் ஆட்டோ பிடித்து இரும்புலியூருக்குப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை.

ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் தகரக் கூரை போட்ட ஷெட். வண்டியின் பின்சீட்டைக் கழற்றி வெளியே வைத்திருந்தார்கள். அதன் மேல் அந்த வெள்ளை டவல் இருந்தது. டாக்சிக்கு மாறிய அவசரத்தில் மறந்தது. எடுத்து என் பைக்குள் வைத்தேன்.

மெக்கானிக்குக்கு நாற்பது வயதிருக்கும். டேங்கிலிருந்து எடுத்ததைக் குடிநீர் பாட்டில் ஒன்றில் பிடித்து வைத்திருந்தார். வெயிலில் தூக்கிக் காட்டினார். மேலே வெளிர் மஞ்சள். கீழே நான்கு விரல் உயரத்துக்குக் கலங்கலாக வேறொரு திரவம். இரண்டுக்கும் நடுவே கோடு கிழித்ததுபோல் ஒரு விளிம்பு. பாட்டிலைக் குலுக்கினார், எல்லாம் ஒன்றாகியது. தரையில் வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கலங்கல் கீழே இறங்கத் தொடங்கியது.

“மேல கீறது பெட்ரோல். கீழ கீறது தண்ணியும் எத்தனாலும். பம்ப்பு எங்கேர்ந்து இஸ்க்குது? அடிலேர்ந்து. ராவெல்லாம் வண்டி நின்னுகினு கீது, இது மொத்தமும் அடில போய் ஒக்காந்துகிச்சு. காலைல சாவி போட்டா இன்ஜினுக்குப் போனது இதான். இது எரியுமா? சாயங்காலம் குலுங்க ஓட்டிகினு இருந்தார் இல்ல, அதான் அப்போ கலந்து ஓடிச்சு.”

“தண்ணீர் எப்படி உள்ளே போயிருக்கும்?”

“பங்க்குல தரைக்கடில டேங்க் கீது, மழைத் தண்ணி எறங்கி இருக்கலாம். இவரு மூடி வாஷரும் பழசு, அது வழியாவும் போயிருக்கலாம். இதான்னு அடிச்சு சொல்ல மாட்டேன். பார்க்காம சொல்றது பாவம்.” கையைத் துணியில் துடைத்தார். “நேத்தே இட்டாந்து உடுங்கன்னேன். சாயங்காலம் ஃபோன் பண்ணி, பேப்பர்ல வந்துகீது, பாட்டில் ஊத்தினேன், சரியாப் போச்சுன்னாரு. பேப்பர்காரனா வந்து டேங்க் கழட்டுவான்னு கேட்டேன். சிரிச்சாரு.”

“அதை எழுதினது நான்தான்,” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். “நான் தமாசுக்குச் சொன்னேன் மேடம்.”

“தமாஷ் இருக்கட்டும். அந்தப் பதிலில் எங்கே தப்பு?”

“அப்போ அது தப்பில்ல,” என்றார். “நானே ஊத்திக் கீறேன். அப்போ வந்தது வேற பெட்ரோலு. அதுல தண்ணி எறங்கினா சாராயம் மாதிரி ஒண்ணு ஊத்தி அத்த கரைக்கணும், சரிதான். இப்போ பங்க்குல வர்றதுலயே அஞ்சுல ஒரு பங்கு அந்தச் சாராயந்தான், எத்தனாலு. அதுவே தண்ணிய இஸ்த்துக்கும். கொஞ்சம்னா தாங்கும். அளவு மீறிச்சுன்னா பெட்ரோலை உட்டுட்டுத் தண்ணியோட சேர்ந்துகினு அடிக்குப் பூடும். அதுக்கப்புறம் நீங்க ஒரு பாட்டில் ஊத்துங்க, பத்து பாட்டில் ஊத்துங்க, வேலைக்காவாது. காலி பண்றது ஒண்ணுதான் வழி. மேல மிச்சம் கீற பெட்ரோலும் செத்த பெட்ரோலு. அதப் போட்டு ஓட்டினா இன்ஜின் தட்டும்.”

எத்தனால் கலந்த பெட்ரோலைப் பற்றி நானே பல செய்திகள் எழுதியிருக்கிறேன். கம்பெனிகள் அனுப்பும் குறிப்புகளை மொழிபெயர்த்திருக்கிறேன். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்களுக்கு அது ஆகுமா என்று ஒரு முழுப்பக்கமே போட்டோம். அந்தச் செய்திகள் ஒரு ஃபோல்டரில் இருந்தன. பழைய பதில்கள் வேறு ஃபோல்டரில் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை டவலைத் துவைத்து, இஸ்திரி போட்டு எதிர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அந்த அம்மாள் கட்டிலில் மூன்று தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார்.

“வண்டிக்குத் தண்ணி எடுத்துட்டாங்களாமே?” என்று கேட்டார்.

“எடுத்துட்டாங்கம்மா.”

“அதுக்கு மெஷின் சீக்கிரம் கிடைச்சிருச்சு,” என்று சொல்லிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நிற்க நேரமானது. டவலைக் கட்டில் ஓரத்தில் வைத்தேன். பாட்டில் விஷயத்தைச் சொல்ல வந்தவள், சொல்லாமல் திரும்பினேன்.

அன்று மாலை நாலு மணிக்கு மூச்சிரைப்பு அதிகமானது. இந்த முறை நூற்றெட்டுக்குத்தான் போன் செய்தார்கள். ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்தது. தெரு முழுவதும் வெளியே வந்து நின்றது. அவர் யாருக்கும் பதில் சொல்லும் நிலையில் இல்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குச் சற்று முன் இறந்தார்.

இதயம் நின்றதாக மருத்துவர் சொன்னார். இரண்டு மணி நேரம் குறைந்ததால்தான் என்று அவர் சொல்லவில்லை. அப்படி இல்லை என்றும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவும் இல்லை. முந்தைய கோடையில் ஒரு முறை முழுதாக ஒரு நாள் டயாலிசிஸ் தவறிப்போய், ஒன்றும் ஆகாமல் இருந்ததும் உண்மை. இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், எதிர் வீட்டுக்காரர் என் கேட்டுக்கு வந்தார். சவரம் செய்த முகம். கையில் அந்தக் கத்தரித்த தாள்.

“ஒரு சந்தேகம் மேடம். இதுல ஒரு பாட்டில்னு போட்டிருக்கு. நான் ரெண்டு ஊத்தினேன். அதனால கெட்டுப்போச்சா? இல்ல, வியாழக்கிழமையே ஊத்தியிருக்கணுமா?”

மெக்கானிக் அவரிடம் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தேன். சொல்லவில்லை போலிருக்கிறது. பதினாறு நாளும் அவர் பாட்டிலின் அளவையும் நேரத்தையும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

“நீங்க ஊத்தினது தப்பில்ல சார்,” என்றேன். “பதில்தான் தப்பு. அது பழைய பெட்ரோலுக்கு எழுதினது. இப்ப வர்ற பெட்ரோலுக்கு அது ஒத்துவராது. சரிபார்க்காம நான் திரும்பப் போட்டேன். வெள்ளிக்கிழமை நீங்க கேட்டப்பவும் யோசிக்காம ஊத்துங்கன்னேன். அன்னிக்கு வண்டியை மெக்கானிக்கிட்ட விட்டிருக்கணும்.”

அவர் தாளை ஒரு முறை படித்தார். முதலிலிருந்து கடைசி வரை, உதடு அசைய.

“அப்ப இது தப்புன்னு பேப்பர்ல போட்டீங்களா?”

“இன்னும் இல்ல.”

“ஏன்?”

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. வாசகர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் திருத்தம். இந்தச் சாவு நடந்த வாரமே நான் செய்தி ஆசிரியரிடம் பேசினேன். “புகார் வந்துச்சா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “வராம நாமளே போய் எதுக்கும்மா கையத் தூக்கணும்? அடுத்த மழைக்குப் புதுசா எழுதிப் போட்டுடு,” என்றார். இதை எதிர் வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன்.

“புகார்னா எப்படி எழுதணும்?”

“வாசகர் எழுதற மாதிரி. எந்தத் தேதிப் பதில், என்ன தப்பு. கீழே கையெழுத்து.”

உள்ளே வந்து என் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். நான் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தேன். எனக்கு முகம் காட்டாமல் குனிந்து எழுதினார். இடையில் ஒரு முறை, “எத்தனாலுக்கு எந்த ‘ன’?” என்று கேட்டார். சொன்னேன். அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

“இன்னொருத்தன் இதைக் கத்தரிச்சு வெச்சிருப்பான் மேடம்,” என்றார். கத்தரித்த தாளை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

கடிதத்தில் வண்டியின் மாடல், வாங்கிய வருடம், பெட்ரோல் போட்ட நாள், ஊற்றிய பாட்டில் எண்ணிக்கை, வண்டி நின்ற நேரம் எல்லாம் இருந்தன. மனைவியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் எதையும் சேர்க்கவில்லை. மறுநாள் செய்தி ஆசிரியரின் மேஜையில் வைத்தேன்.

திருத்தம் அடுத்த வியாழக்கிழமை வாகனப் பக்கத்தின் கீழ் மூலையில் வந்தது. நான்கு வரி.